ஆச்சி பதில்கள்: சாவிக்கொத்து யார் இடுப்பில்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகை நாவல்களைப் பற்றியவை. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிரித்து வைத்த கற்பனை நாடுகள், அவற்றில் மாட்டிக்கொண்ட பதினாறு வயதுப் பிள்ளைகள். 'டிஸ்டோபியா', அதாவது கொடுங்கனவு போன்ற நாட்டின் கதை, என்று அட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கம்பனைப் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரைக்குடிக்காரர்கள் கம்பனுக்காகக் காத்திருக்க மாட்டார்களா என்ன?

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'தி கிரேஸ் இயர்' என்ற ஆங்கில நாவலை இரவு வெகுநேரம் விழித்துப் படிக்கிறாள். புரட்டிப் பார்த்தேன். பெண்பிள்ளைகளைக் காட்டுக்குத் துரத்துகிறார்கள், ரத்தமும் கொலையுமாக இருக்கிறது. பிடுங்கி வைத்துவிடட்டுமா, ஆச்சி?
*ஒரு தாய், காரைக்குடி*

பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தோழி வீட்டில் உட்கார்ந்து படிப்பாள், உங்களிடம் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

கிம் லிக்கெட் எழுதி 2019-இல் வந்த நாவல் அது. பெண்களுக்கு ஆண்களை மயக்கும் மாய சக்தி இருப்பதாக நம்பும் ஓர் ஊர். பதினாறு வயதானதும் அந்தச் சக்தியைத் தீர்த்துவிட்டு வரும்படி ஓராண்டு காட்டில் கொண்டுபோய் அடைக்கிறார்கள். வேலிக்கு வெளியே வேட்டைக்காரர்கள். வேலிக்கு உள்ளே பெண்களே ஒருவரையொருவர் குதறிக்கொள்கிறார்கள். ரத்தம் உண்டு, மறைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன். பதினைந்து வயதுக்குக் கொடுப்பேன்.

என்னை உலுக்கியது அந்த ரத்தமில்லை, ரிப்பன். அந்த ஊரில் சிறுமியின் சடையில் வெள்ளை ரிப்பன், காட்டுக்குப் போகும் ஆண்டில் சிவப்பு, மனைவியாகிவிட்டால் கறுப்பு. தெருவில் பின்னால் வருகிற எவனும் அவள் யார், என்ன நிலையில் இருக்கிறாள் என்று முகம் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். உங்கள் மகளும் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிப் பள்ளிக்குப் போனவள்தானே? அந்தப் பக்கத்தில் அவள் கொஞ்சம் நின்றிருப்பாள். அங்கே என்ன நினைத்தாள் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுத்தால் நீங்கள் முறுக்குப் பிழியும்போது அவளையே கதை சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வகைக் கதைகளைத் தொடங்கி வைத்தது மார்கரெட் அட்வுட்தானா? எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள்.
*இளங்கலை ஆங்கில மாணவி, புதுவயல்*

இல்லை ஆத்தா. அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' வந்தது 1985-இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1905-இல், நம் சென்னையில் அச்சான ஒரு கதை இருக்கிறது. கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசீன்' இதழில் வந்த 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்கப் பெண். பள்ளிக்கூடம் போகாதவர். அண்ணன் இரவில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் எழுதினார். கணவர் வேலை நிமித்தம் வெளியூர் போயிருந்தபோது பொழுது போவதற்காக எழுதியதாம். திரும்பி வந்த கணவர் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

கதையில் பெண்கள் தெருவில் நடக்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு ரொக்கேயா ஒரு காரணம் வைத்திருக்கிறார். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று வெயிலின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் வித்தையைக் கண்டுபிடிக்கிறது. ஆண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகு போர் வருகிறது. ஆண்கள் தோற்றுத் திரும்பி அந்தப்புரத்துக்குள் போகிறார்கள். சேர்த்து வைத்த வெப்பத்தை எதிரிப் படையின் மேல் திருப்பிப் பெண்கள் வெல்கிறார்கள். அதற்குப் பிறகு ஆண்களை வெளியே கூப்பிட யாருக்கும் அவசரமில்லை.

இவ்வகை நூல் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது அடுப்படியை. அந்த நாட்டில் சமைப்பது யார், சாவி யாரிடம், கணக்கில் கையெழுத்து யாருடையது? மூன்றுக்கும் ஆசிரியர் பதில் வைத்திருந்தால் மேலே படிப்பேன். ரொக்கேயா வைத்திருக்கிறார். சுல்தானாவை அடுப்படி பார்க்க அழைத்துப் போகிறார்கள். புகை இல்லை, கரி இல்லை, சமையலும் வெயிலின் வெப்பத்தில்தான். விருந்தாளிப் பெண் வருகிறாள் என்பதால் அந்த வீட்டு ஆண்களை முன்கூட்டியே அங்கிருந்து ஒதுங்கச் சொல்லிவிட்டார்களாம். ஒரே ஒரு வரி. அந்நிய ஆண் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் இரண்டாம் கட்டுக்கு ஓடி மறைந்த காலம் எனக்குத் தெரியும். அதை ஆண்களுக்கு மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் கடந்து போகிறார் பாருங்கள்.

அட்வுட்டும் இந்தத் தேர்வில் தேறுகிறவர்தான். கிலியட் என்ற அந்த நாட்டில் முதலில் பறிபோவது உடையோ பெயரோ அல்ல. ஒரு நாள் கடையில் கதாநாயகியின் அட்டை வேலை செய்யாது. பெண்கள் பெயரிலிருந்த வங்கிக் கணக்குகளையெல்லாம் முடக்கி, பணத்தைக் கணவர் அல்லது நெருங்கிய ஆண் உறவினர் பொறுப்பில் விட்டிருப்பார்கள். உலகில் எங்கேனும் ஏற்கெனவே நடக்காத எதையும் அந்த நாவலில் வைக்கவில்லை என்று அட்வுட் சொல்லியிருக்கிறார். வகுப்பில் இதையும் சொல்லுங்கள். சென்னை இதழின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்.

அம்மா, இதெல்லாம் வெளிநாட்டு மோகம். பெண்களே ஆளும் நாடு நமக்குப் புதிதா? அல்லி அரசாணி இல்லையா?
*ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், தேவகோட்டை*

இருக்கிறாள் ஐயா. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யைப் பெரிய எழுத்துப் பதிப்பில் நானும் படித்திருக்கிறேன். திருவிழாக் கடைகளில் விற்ற இத்தகைய மலிவு நூல்களையும் மதித்துச் சேர்த்தவர் நம் கோட்டையூர் ரோஜா முத்தையா. இன்று அவர் சேகரிப்பு சென்னையில் அவர் பெயராலேயே நூலகமாக இருக்கிறது.

அல்லி மதுரையை ஆள்கிறாள். மந்திரி பெண், படை பெண்கள், காவல் பெண்கள். ஆணுக்கு இடமில்லை. அப்புறம் என்ன ஆகிறது? அர்ச்சுனன் கண்ணன் துணையோடு பாம்பாக உருவெடுத்து அவள் படுக்கையறைக்குள் நுழைகிறான். உறங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிட்டுப் போகிறான். விழித்தெழுந்து அவள் சீறுவதும் போர் தொடுப்பதும் உண்டு. முடிவில் கல்யாணம், புலந்திரன் என்று ஒரு மகன், சுபம்.

நீங்களும் நானும் இதைச் சிறு வயதில் சிரித்துக்கொண்டே கேட்டிருப்போம். இன்றைக்குப் பதினாறு வயதுப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள், சிரிக்க மாட்டாள். அவள் படிக்கும் வெளிநாட்டு நாவலுக்கும் நம் அம்மானைப் பாட்டுக்கும் உள்ள தூரம் அதுதான். பாட்டு அர்ச்சுனன் தோளில் உட்கார்ந்து கதை பார்க்கிறது. அல்லி கண் விழிக்கும் அந்தக் காலையிலிருந்து யாராவது தமிழில் நாவல் தொடங்கினால் முதல் பிரதியை நான் விலை கொடுத்து வாங்குவேன்.

எங்கள் பள்ளியில் பெண்கள்தான் இந்தப் புத்தகங்களை எடுக்கிறார்கள். எல்லாமே ஆண்களைத் திட்டுகிற கதைகளா? ஆண் பிள்ளைகள் படிக்க ஏதாவது உண்டா?
*பதினொன்றாம் வகுப்பு மாணவன், பள்ளத்தூர்*

தம்பி, திட்டுகிற கதைகளும் இருக்கின்றன. ஆண்கள் அனைவரும் தாடி வைத்த அரக்கர்கள், பெண்கள் அனைவரும் வில்லேந்திய வீராங்கனைகள் என்று எழுதி அட்டையில் கண்ணீர்த்துளி வரைந்துவிடுகிறார்கள். நூலகத்தில் இருந்த காலத்தில் அப்படிப்பட்டவற்றை மேல் தட்டுக்கு ஏற்றிவிடுவேன். வேண்டுமென்பவர் ஏணி போட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் பேட்ரிக் நெஸ் எழுதிய 'தி நைஃப் ஆஃப் நெவர் லெட்டிங் கோ'வில் தொடங்குங்கள். 2008-இல் வந்தது. வேறொரு கிரகத்தில் பிரென்டிஸ்டவுன் என்ற ஊர். பெண் என்று ஒருத்திகூட இல்லை. டாட் என்ற பையன்தான் அந்த ஊரின் கடைசிச் சிறுவன். இன்னும் ஒரு மாதத்தில் பதின்மூன்று வயதாகி 'ஆண்' ஆகிவிடுவான். அங்கே ஒவ்வோர் ஆணின் மனதில் ஓடுவதும் ஊருக்கே கேட்கும். ஆசை, பயம், பொய், கெட்ட எண்ணம், பசி, ஒன்றையும் ஒளிக்க முடியாது. அவனுடைய நாய்கூடப் பேசும். பேசுவதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் வெளிக்குப் போவதைப் பற்றியும்தான்! பெண்கள் எல்லாம் நோயில் செத்துப்போனார்கள் என்று டாட்டுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு நாள் சதுப்புநிலத்தில் சத்தமே இல்லாத ஓர் இடத்தை அவன் உணர்கிறான். அங்கே நிற்பது ஒரு பெண்.

மேலே சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்ட மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துப் படியுங்கள். அந்த ஊர் ஆண்கள் தங்கள் பிள்ளைக்கு என்ன பொய் சொல்லி வளர்த்தார்கள், ஏன்? பெண்ணில்லாத ஊரில் முதலில் பலியாவது ஒரு பையன் என்பதைப் பார்ப்பீர்கள். நாயைப் பற்றி மட்டும் முன்பே எச்சரித்துவிடுகிறேன். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குப் போன பிறகு நவோமி ஆல்டர்மேனின் 'தி பவர்' (2016). பெண்களின் கைகளில் மின்சாரம் பாயத் தொடங்குகிறது, அதிகாரம் கைமாறுகிறது. மாறியபின் பெண்கள் செய்கிற கொடுமையை அந்த அம்மாள் ஒளிக்கவில்லை. அது பெரியவர்களுக்கான நாவல், இப்போது வேண்டாம்.

இந்தியாவில் நடக்கிற மாதிரி ஏதாவது?
*வாசகி, திருமயம்*

மஞ்சுளா பத்மநாபனின் 'எஸ்கேப்', 2008. பெண்களை முற்றாக அழித்துவிட்ட ஒரு நாடு. மெய்ஜி என்ற ஒரே ஒரு சிறுமியைச் சித்தப்பா, பெரியப்பா முறையில் மூன்று அண்ணன் தம்பிகள் ஒளித்து வளர்க்கிறார்கள். வளர்ந்துவிட்டாள், இனி ஒளிக்க முடியாது என்றதும் இளையவர் அவளை ஆண் வேடத்தில் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். பெண்ணுடல் என்றால் என்னவென்றே கேள்விப்படாத பெண்ணுக்கு மூன்று ஆண்கள் எதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்காகவே படிக்கலாம். வயது வந்தவர்களுக்கு மட்டும்.

ஆச்சிக்குக் கொட்டாவி வந்த புத்தகம் எது?
*வாசகர், கண்டனூர்*

'ஹெர்லேண்ட்'. சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், 1915. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெண்கள் மட்டுமே வாழும் நாடு, ஆண் துணையின்றியே குழந்தை, எங்கும் பழமரம். ஒருத்திக்கும் ஒருத்திக்கும் சண்டை இல்லை. சண்டையில்லாத வீட்டில் எனக்கு உறக்கம்தான் வரும்.

நான் ஒரு தமிழ் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வருங்காலச் செட்டிநாடு. பெரிய வீடுகளில் பெண்கள் மட்டும் வாழ்கிறார்கள். ஆண்கள் முகப்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பதினேழு வயதுக் கதாநாயகி ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது, ஆச்சி?
*கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்*

படித்தேன். கடிதம் எல்லா நாவலிலும் கிடைக்கிறது, ஆத்தா. வீடு உனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதை நீ இன்னும் பயன்படுத்தவில்லை.

மூன்று அத்தியாயத்திலும் 'பிரம்மாண்டமான மாளிகை', 'வானளாவிய தூண்கள்' என்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் மாதிரி எழுதியிருக்கிறாய். நீ அந்த ஊர்க்காரி. முகப்பில் நின்று பார்த்தால் பட்டாலைக் கூடம், நடுவில் திறந்த முற்றம் வைத்த வளவு, இரண்டாம் கட்டு என்று கதவுக்கு நேர் கதவாகப் பின்வாசல் வரை தெரியும் இல்லையா? அப்படியென்றால் உன் கதையில் முகப்பில் உட்கார்ந்திருக்கிற ஆணுக்கு, கதவுகள் திறந்திருக்கும் வரை, உள்ளே நடமாடும் தாயும் தங்கையும் தெரிவார்கள். சாயங்காலம் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறவள் ஒருத்தி இருக்க வேண்டும். அவள் யார்? ஒருநாள் ஒரு கதவை மட்டும் ஏன் கால் மணி நேரம் தாமதித்துச் சாத்துகிறாள்? உன் நாவல் அங்கே தொடங்கலாம். இன்னொன்று: வளவில் இருப்பவர்களுக்கு மேலே வானம் உண்டு, மழை உள்ளேயே வந்து விழும். முகப்பில் இருப்பவனுக்குத் தெரு உண்டு. யாருக்கு எது பறிபோயிருக்கிறது என்று நீ சொல்லவே வேண்டாம், காட்டினால் போதும்.

அடுத்தது, ஆண் குழந்தை. உள்ளே பிறக்கிற பையன் எந்த வயதில் முகப்புக்கு அனுப்பப்படுகிறான்? நீ எழுதவில்லை. ஷெரி டெப்பர் 'தி கேட் டு விமன்ஸ் கன்ட்ரி' (1988) நாவலில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார். மதிலுக்குள் பெண்கள், வெளியே படைவீடுகளில் ஆண்கள். ஐந்து வயதில் பையனைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பதினைந்தில் அவன் வாசல் வழியே திரும்பி வரலாம், அல்லது அங்கேயே இருந்துவிடலாம். உன் வீட்டில் அந்த நாள் எப்படி இருக்கும்? கொட்டானில், அந்த ஓலைக்கூடையில், சீப்புச்சீடையும் மாவுருண்டையும் போட்டுக் கையில் கொடுப்பார்களா? பட்டாலை நிலைப்படி வரை தாய் போவாளா, அப்பத்தா போவாளா? அழுவதற்கு அனுமதி உண்டா? இந்த ஒரு காட்சியை எழுதி எனக்கு அனுப்பு. கடிதம் பிறகு வரட்டும்.

பிரிவினை ஏன் வந்தது என்பதற்கு 'ஒரு பெரும்போருக்குப் பிறகு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். ரொக்கேயாவே ஒரு வரியில் தாண்டவில்லை. உன் ஊரின் கதை அதைவிட உறுதியானது. ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய், மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன் என்று அங்கே ஓர் ஆண் உலகம். இங்கே பெண்கள் நிறைந்த வீடு. 1930-களின் நெருக்கடியில் கடன் வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைக் கொடுத்தார்கள். 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-இல் 25 சதவீதம் ஆனது. அதுவே அந்நாட்டவரின் கோபத்துக்குக் காரணமாயிற்று. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒரு சமூகத்தில் ஆண் ஓரிடமும் பெண் ஓரிடமுமாக வாழ்ந்ததற்கு எதிரிப்படை காரணமில்லை, வட்டிக்கணக்கு காரணம். உன் வருங்காலத்துக்கும் இப்படி ஒரு பணக்காரணம் தேடு.

கல்யாணமானதும் ஒருவரைக் கோயில் கணக்கில் 'ஒரு புள்ளி' என்று பதிவது, ஒரே வீட்டுக்குள் புதுத் தம்பதியை வேறு வைத்துத் தனி அடுப்பும் ஆண்டுக்கான அரிசி பருப்பும் அளந்து கொடுப்பது, இதையெல்லாம் வெள்ளைக்காரர் ஒருவர் நாவலில் இட்டுக்கட்டியிருந்தால் என்ன கற்பனை என்று வாய்பிளந்திருப்போம். உனக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்றும் நினைக்காதே. ஒரே வளவைச் சுற்றி ஐந்து அடுப்பு எரிந்தால் ஐந்து அரசாங்கம். யாருடைய குழம்பு வாசனை யார் வீட்டுக் கதவைத் தாண்டியது என்பதற்கே ஆறு மாதம் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் ஆயாவை, அம்மாவைப் பெற்றவரை, பற்றி ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் மௌல்மீனில் இருந்த ஆண்டுகளில் வீட்டுச் சாவிக்கொத்து முழுதும் ஆயா இடுப்பில். நெல் அறை, வெள்ளிப் பாத்திர அறை, சாமான் அறை, எல்லாம். அவர் நடந்து வருவது சாவிச் சத்தத்திலேயே தெரியும் என்று அம்மா சொல்வார். ஆனால் ஒரு வேலியடி நிலத்தை விற்க வேண்டி வந்தபோது, அதை விற்பது என்று முடிவெடுத்ததும் விலை பேசியதும் ஆயா, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்த பதினெட்டு வயதுப் பங்காளிப் பையன். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கே போடணும் ஆச்சி?" என்று அவன் கேட்டானாம். ஆயா விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். உன் கதாநாயகிக்குச் சாவி கொடுத்திருக்கிறாய், சரி. கையெழுத்து யாருடையது?

தலைப்பை மாற்று. 'இருளின் மகள்' என்று ஏற்கெனவே பத்துப் பேராவது வைத்திருப்பார்கள்.

எங்கள் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. மாறி ஏறினால் அபராதம். இதுவும் டிஸ்டோபியாதானே, ஆச்சி?
*மாணவி, திருப்பத்தூர் வட்டாரம்*

இதற்கே அந்தப் பட்டம் கொடுத்துவிட்டால் கிலியட்டுக்கு என்ன பெயர் வைப்பது? இது வெறும் அசட்டுத்தனம். ஆனால் நல்ல நாவலாசிரியர் இதை விட மாட்டார். எந்தப் படி அகலம், எந்தப் படியில் விளக்கு எரியவில்லை, குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், மழைக்காலத்தில் எது வழுக்குகிறது என்று பார்ப்பார். அபராதப் பணத்துக்கு ரசீது உண்டா என்றும் கேட்பார். நீங்களும் ஒரு வாரம் கவனித்து, நூலகம் எந்தப் படிக்கட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம்.